தேய்மானக் கணக்கு

வந்தவர் முதல் வேலையாக மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஜூன் மாதத்து முன்மதியம். காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றின் கூட்டுறவுக் கடன் சங்கம். குறுவைக் கடனுக்கு மனு கொடுக்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் யார் எழுந்து சுவிட்சைத் தொடுவார்கள்? அவரே போய் மூன்றையும் அணைத்தார். "ரெண்டே நிமிஷங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நகல் இயந்திரத்தின் பின்பக்கம் போய், உள்ளங்கையை அதன் மூடியில் பதித்துக்கொண்டார். "அக்கா, ஒரு இருபது காப்பி ஓட விடுங்க. என்ன பேப்பரானாலும் சரி."

அலுவலக உதவியாளர் அக்கா பொத்தானை அழுத்தினார். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வழக்கமான ஜெராக்ஸ் மிஷின் சத்தம். மெக்கானிக்குக் கேட்டது இரண்டு சத்தம். தாள் வெளியே வரும் இடத்தில் ஒரு மெல்லிய கீச். அதற்கும் உள்ளே, சீரான இடைவெளியில் ஒரு 'டிக்'. அவருடைய இடதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு அந்த டிக்கை எண்ணியது. கண் மட்டும் தாள் விழும் தட்டிலேயே இருந்தது. பல்சக்கரத்தில் ஒரு பல் கெட்டால், அந்தச் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும். ஒரு தாள் போவதற்குள் எத்தனை சத்தம் என்று தெரிந்தால், உள்ளே இருக்கும் பத்துப் பன்னிரண்டு சக்கரங்களில் எது என்று திறக்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறிகளைப் போட்டுவிட்டு வந்தார். வயதான ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா தம்பி?" என்றார். "இப்பத்தாங்கய்யா ஆரம்பம்."

நாற்பதைத் தாண்டிய வயது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். நகக்கண்களில் கருப்பு. டோனர் தூள் அங்கே குடியேறிவிட்டால் சுலபத்தில் கிளம்பாது. வெந்நீர் பட்டால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். சாவி வைத்திருக்கும் காசாளர் வரும்வரை அங்கே உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. என் பெஞ்சிலிருந்து இயந்திரமும், செயலாளரின் மேசையும், கிடங்குக் கதவும் ஒரே பார்வையில் தெரிந்தன.

செயலாளர் எழுந்து வந்தார். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். "தம்பி, ஒரு வருஷத்துக்குள்ள இது மூணாவது டிரம்மு. ஃபியூசரும் போன வருஷம்தான் மாத்துனது. ஆடிட்ல கேக்கறாங்க. உண்மையைச் சொல்லுங்க, நீங்க போடறது ஒரிஜினலா டூப்ளிகேட்டா?"

கூடம் சற்றே காது கொடுத்தது. மெக்கானிக்கின் முகம் மாறவில்லை. ஆனால் ஸ்குரூடிரைவரை எடுக்கப் போன கை, பைக்குள் வேறெதையோ தேடியது. பழைய டிரம்மின் காலி அட்டைப்பெட்டி. கம்பெனி முத்திரையோடு, பார்ட் நம்பரோடு. அதை மேசைமேல் வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத்துருவோம் சார்" என்றார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. பாகம் சீக்கிரம் போனால் பாகத்தின்மேல் பழி, அடுத்து மெக்கானிக்கின்மேல். உண்மையில் டிரம் விற்றால் மெக்கானிக்குக் கொஞ்சம் லாபம்தான். மூன்றாவது டிரம்மைக் கேள்வி கேட்காமல் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு அவரை நிறுத்தி வைத்தது அந்த 'டூப்ளிகேட்' என்ற வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும்.

பொத்தான்களை ஏதோ ஒரு வரிசையில் அழுத்தினார். திரையில் நாம் யாரும் பார்த்திராத பட்டியல்கள் வந்தன. அதை ஒரு தாளில் அச்செடுத்து, பேனாவால் இரண்டு எண்களைச் சுழித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாம்பல் நிறம் முழுக்கப் பரவிய ஒரு சோதனைத் தாள். எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் குறையெல்லாம் சாம்பலில் வெளியே வந்துவிடும்.

வந்தன. தாளின் தலையிலிருந்து நாலு சென்டிமீட்டர் கீழே குறுக்காக ஒரு மங்கல் கோடு. அடியிலிருந்து நாலு சென்டிமீட்டர் மேலே இன்னொன்று. அதோடு ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக இரண்டு கரும்புள்ளிகள். உதவியாளர் அக்கா எட்டிப் பார்த்து, "அந்தக் கோடு ரொம்ப நாளா விழுதுண்ணே. நாங்க ஃபார்ம்லயே இருக்குன்னு நெனச்சோம்" என்றார்.

மெக்கானிக் இரும்பு ஸ்கேலை எடுத்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 216 மில்லிமீட்டர். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 94. சோதனைத் தாளின் ஓரத்திலேயே 94-ஐ 3.14-ஆல் வகுத்து 30 என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்த வட்டத்தின் சுற்றளவு இந்தத் தொழிலில் தினமும் சோறு போடுகிறது. உள்ளே சுழல்வது எல்லாமே உருளை. ஒவ்வோர் உருளைக்கும் ஒரு குறுக்களவு. ஒரு உருளையில் காயம் இருந்தால், அதன் சுற்றளவுக்கு ஒரு தடவை அந்தக் காயம் தாளில் பதியும். 30 மில்லிமீட்டர் குறுக்களவு இந்த இயந்திரத்தில் டிரம்முக்கு. ஆக, புள்ளி டிரம்முடையது.

கோடுகளுக்கு அந்தக் கணக்கு உதவாது. அதற்கு வேறொன்று செய்தார். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கதவைப் படக்கென்று திறந்தார். இயந்திரம் பாதி வழியில் நின்றது. "ஐயய்யோ!" என்றது உதவியாளர் அக்காவின் குரல். டிரம்மைக் கடந்து, சூடேற்றும் ஃபியூசருக்குள் நுழையாமல் நின்ற தாளை இரண்டு விரலால் மெல்ல உருவினார். தூள் இன்னும் உருகாத தாள். ஊதினால் படம் பறந்துவிடும். அதைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார். புள்ளிகள் இருந்தன. கோடுகள் இல்லை. டிரம் எழுதிய தாளில் கோடு கிடையாது என்றால், கோட்டைப் போட்டது அதற்கடுத்து இருக்கும் ஃபியூசர். சாம்பல் நிறத்தில் கட்டைவிரலைத் தேய்த்துவிட்டு அந்த விரலைச் செயலாளரிடம் நீட்டினார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். புரிந்ததோ இல்லையோ.

டிரம்மை வெளியே எடுத்ததும் ஒரு கருப்புத் துணியை விரித்து அதன்மேல் வைத்து மூடினார். வெளிச்சம் அதற்கு ஆகாது. துணியின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கி, இரு முனைகளையும் பிடித்து, மேற்பரப்பில் விரல் படாமல் உருட்டி உருட்டிப் பார்த்தார். நீலமும் பச்சையும் கலந்த அந்தப் பளபளப்பில், ஒளி உணரும் பூச்சு மொத்தமே 20, 30 மைக்ரான் தடிமன். தலைமுடியின் தடிமனில் பாதிகூடத் தேறாது. மின்னேற்றம் தங்குவதும், எழுத்து உருவாவதும் அந்தப் பூச்சில். அதன்மேல் ஒவ்வொரு சுற்றிலும் பாலியூரித்தேன் பிளேடு ஒன்று மிச்சத் தூளை வழித்துக்கொண்டே இருக்கும்.

நகல் இயந்திரத்துக்குத் தொடக்கமே உரசல்தான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரத்து அஸ்டோரியாவில், செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னெயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். ஒளியைக் காட்டி, லைகோபோடியப் பொடியைத் தூவி, மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். காப்புரிமைப் பிரிவில் நாளெல்லாம் நகல் தேவைப்பட்ட மனிதர் கார்ல்சன். அவருடைய தகடு 1959-இல் செலினியம் பூசிய டிரம்மாகி 914 என்ற இயந்திரமாகச் சந்தைக்கு வந்தபோது, அது சமயத்தில் தாளைக் கருக்கித் தீப்பிடிக்கும் என்பதால் தீயணைக்கும் கருவி ஒன்றையும் கூடவே வைத்தார்கள். அதற்கு ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த பெயர் 'கருகல் நீக்கி'. விற்பனைப் பிரிவில் யாரோ கவிஞர் இருந்திருக்கிறார்.

மெக்கானிக் பிளேடைக் கழற்றி அதன் விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் தட்டி நின்றது. மறுபடி அதே இடத்தில் ஓட்டினார். மறுபடி நின்றது. டிரம்மை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடத்தில் டிரம்மைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. பிளேடின் அடியிலிருந்து தூரிகையால் கொஞ்சம் தூளைத் தட்டிக் கருப்புத் துணியில் விழவைத்தார். கருப்பு டோனர் துணியில் மறைந்துவிட்டது. மறையாமல் வெள்ளையாகக் கொஞ்சம் நின்றது.

அந்த வெள்ளையை வெகுநேரம் பார்த்தார்.

பேப்பர் தூசியும் வெள்ளைதான். தாளின் வழவழப்புக்குச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் உதிர்ந்து, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரில் மாவாகப் படியும். ரோலரையும் கழற்றிப் பார்த்தார். அங்கே மாவு இருந்தது. யாரோ முன்பொரு காலத்தில் அந்த ரப்பரை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாகப் பிடிக்கும், பிறகு முன்னைவிட வேகமாகத் தேயும். அவர் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, சரி என்பதுபோல் ஒதுக்கி வைத்தார். ரோலரின் மாவு மென்மை. துணியில் கிடந்தது நறநறப்பு. இரண்டையும் விரல்நுனியில் எடுத்து மாறி மாறித் தேய்த்தார். கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஃபியூசர் ஆற வேண்டும். 180, 190 டிகிரியில் ஓடியது. கை வைக்க அரைமணி ஆகும். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில்தான் அவர் உண்மையான வேலையைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. இயந்திரத்தைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார்.

ஒருவர் ஆதார் அட்டையோடு வந்தார். மிஷின் ரிப்பேர் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்தவர் சிட்டா. அடுத்தவர் அடங்கல். அடுத்து ஒரு பாட்டி, பாஸ்புக்கின் முதல் பக்கம். எல்லோருக்கும் வேண்டியது ஒரே ஒரு பிரதி. முன்பு வந்த பெரியவரே மறுபடி வந்து, குடும்ப அட்டையை விட்டுவிட்டேன் என்றார். மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து அந்த அச்சுத்தாளை எடுத்துப் பிரித்தார்.

"சார், இங்க வாங்க. இது பாருங்க, எத்தனை பக்கம் எடுத்துச்சுன்னு கணக்கு. இது, டிரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு கணக்கு. பக்கத்தை வெச்சுப் பாத்தா டிரம்முக்குப் பாதி ஆயுசுகூட ஆகலை. சுத்துனதை வெச்சுப் பாத்தா முடிஞ்சுபோச்சு."

"அது எப்படி தம்பி?"

"ஒரு ஏ4 எடுக்க டிரம் ரெண்டேகால் சுத்து சுத்துனா போதும். ஆனா பட்டனை அமுக்குனதும் சும்மா சில சுத்து சுத்தித் தயாராகும். பேப்பர் போனப்புறமும் சில சுத்து சுத்தித் தொடச்சுக்கும். நூறு காப்பி சேந்தாப்ல எடுத்தா அந்த முன்னும் பின்னும் ஒரு தடவைதான். ஒண்ணு ஒண்ணா எடுத்தா நூறு தடவை. டவுன் பஸ்ஸும் திருச்சி வண்டியும் ஒரே கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பிரேக் ஷூ எதுக்கு சார் முதல்ல போகும்?"

செயலாளர் யோசித்தார். டவுன் பஸ் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்ப ஜனங்களை வராதேன்னா சொல்ல முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. மெக்கானிக், "சொல்ல முடியாது சார். ஒரு ஆளுக்கு வேண்டிய அஞ்சு பேப்பரையும் ஒண்ணா வாங்கி, மேல இருக்கற ஃபீடர்ல வெச்சு ஒரே தடவையா எடுங்க. அதுவே பாதி மிச்சம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனா, கீறல் அதனால இல்லை" என்றார்.

அமெரிக்காவில் ஜூலியன் ஓர் என்றொரு மானுடவியலாளர் இருந்தார். ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. பழங்குடிகளைத் தேடிப் போகாமல் நகல் இயந்திர மெக்கானிக்குகளின் பின்னால் போனார். அவர்களோடு வண்டியில் ஏறி, அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிட்டு, பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1996-இல் அது புத்தகமாக வந்தது. கம்பெனி கொடுத்த தடித்த கையேட்டைக்கொண்டு அவர்கள் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதில்லை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளைக்கொண்டுதான் என்று எழுதினார். பழுது என்பது பல சமயம் இயந்திரத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் நடுவே இருக்கிறது என்றும். அந்தக் கூடத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்திருந்தால் ஜூலியன் ஓர் தன் குறிப்பேட்டைத் திறந்திருப்பார்.

ஃபியூசர் ஆறியது. பிரித்தார். மேல் உருளையின் டெஃப்லானில், 216 மில்லிமீட்டர் இடைவெளியில், இரண்டு மெல்லிய பள்ளங்கள். "லீகல் சைஸ் நிறைய ஓடுமாக்கா?" உதவியாளர் அக்கா, "பத்திர நகல் எல்லாம் அதுலதாண்ணே. அடமானக் கடனுக்கு ஒரு பத்திரமே இருபது பக்கம் வரும்" என்றார். லீகல் தாளின் அகலம் எட்டரை அங்குலம். அதன் இரு ஓரங்களும் ஒரே இடத்தில் உரசி உரசி டெஃப்லானை அறுத்திருக்கின்றன. அதைவிட அகலமாக ஏ4 தாள் குறுக்காக ஓடும்போது, அந்தப் பள்ளத்துக்கு மேலே சூடும் அழுத்தமும் சரியாகப் படுவதில்லை. தூள் ஒட்டாமல் மங்கலாகக் கோடு விழுகிறது. செயலாளர் இதையும் ஒரு குற்றப்பத்திரிகையாக எதிர்பார்த்து நின்றார். மெக்கானிக், "இது உழைச்சுத் தேஞ்சது சார். இதுக்கு யாரும் பொறுப்பில்லை. இன்னும் ஒரு வருஷம் ஓடும், கோடு மட்டும் விழும்" என்று ஒதுக்கிவிட்டார்.

தேய்ந்ததை எல்லாம் பழுது என்று சொல்லிப் பில் போடும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். எது தன் வயதில் தேய்ந்தது, எது வயதுக்கு முன்னால் தேய்ந்தது என்று பிரிக்கிறவர்கள் குறைவு. இவர் பிரிப்பதற்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, கையில் தெரிந்தது. ஒவ்வோர் உருளையையும் எடுத்ததும் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டார். பிரஷர் ரோலரை எடுத்ததும் அதன் இடது முனைப் புஷ்ஷில் கண்ணை வைத்தார். வலதுபக்கத் துளை வட்டமாக இருந்தது. இடதுபக்கத் துளை முட்டை வடிவமாகியிருந்தது. அதை மட்டும் தனியே வைத்தார். வயதானால் இரண்டும் சேர்ந்துதான் தேயும்.

இடது பக்கம்தான் பல்சக்கரங்கள் இருக்கும் பக்கம். மூடியைக் கழற்றியதும் டார்ச் வெளிச்சத்தில் கன்னங்கரேல் என்று ஒரு பசை. விரலால் தொட்டு முகர்ந்தார். "தையல் மிஷின் ஆயில்" என்றார், யாரையும் பார்க்காமல்.

கூடத்தில் பேச்சு நின்றது. உதவியாளர் அக்கா சேலைத் தலைப்பைத் திருகினார். செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு சார்… நாந்தான் ரெண்டு சொட்டு…"

"சத்தம் நின்னுச்சாக்கா?" என்றார் மெக்கானிக்.

"நின்னுச்சுண்ணே."

"நிக்கும். ஒரு வாரம் நின்னிருக்கும்." அவ்வளவுதான். பிளாஸ்டிக் சக்கரத்துக்கும், சூட்டில் ஓடும் புஷ்ஷுக்கும் அதற்கென்று தனி கிரீஸ் உண்டு. சாதாரண எண்ணெய் சூட்டில் இளகி வழிந்து, பறக்கும் டோனரையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும் என்பதைச் செயலாளரிடம் பிறகு, அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சொன்னார். அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது.

டிக் சத்தத்துக்குக் காரணமான சக்கரமும் அங்கேயே அகப்பட்டது. ஒரு பல்லின் நுனி மடங்கியிருந்தது. தேய்ந்த பல் மழுங்கும்; இது மடங்கியிருந்தது. எதிர்த்திசையில் யாரோ பலமாக இழுத்ததால் வந்த காயம். மெக்கானிக் தாள் வைக்கும் டிரேயை உருவினார். மேலே புதுத் தாள்கள். அவற்றுக்குக் கீழே, ஒரு பக்கம் ஏற்கனவே அச்சான பழைய தாள்கள், காலிப் பக்கம் பயன்படட்டும் என்று. சிலவற்றின் மூலையில் ஸ்டேப்ளர் பின் பிடுங்கிய ஓட்டை. ஒன்றில் பின்னே பாதி இருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்து டீ டம்ளரில் போட்டார். டிங் என்றது.

"மேலிடத்துச் சுற்றறிக்கை தம்பி. பேப்பர் சிக்கனம்" என்றார் செயலாளர், கேட்காமலே. கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. பழைய அச்சு மறுபடி சூடேறி இளகி பிரஷர் ரோலரில் ஒட்டும், தாள் சுருளும், சிக்கும். சிக்கிய தாளை, வரிசையில் நிற்பவர்களின் அவசரத்தில், வந்த வழியே பின்னோக்கி இழுப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு பல் மடங்கும். ஒரு கட்டுத் தாளில் மிச்சம் பிடித்தது ஒரு சக்கரத்தில் போனது. சுற்றறிக்கை எழுதியவர் இந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வெள்ளைத் தூள் கருப்புத் துணியிலேயே கிடந்தது. அவர் அதை மறக்கவில்லை என்பது, வேலைக்கு நடுநடுவே அந்தப் பக்கம் போன கண்ணில் தெரிந்தது.

பதினோரு மணி சுமாருக்கு உர லாரி வந்தது. கிடங்குக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்கள். சுமை தூக்குபவர்கள் மூட்டைகளைக் கொண்டுவந்து தொப் தொப்பென்று போட்டார்கள். யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் ஒரு வெள்ளை மூச்சு எழுந்து, கதவு வழியே கூடத்துக்குள் வந்தது. சங்கத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிய வாடை. ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. மெக்கானிக் மட்டும் எழுந்தார். இயந்திரத்தைச் சக்கரங்களில் உருட்டித் திருப்பினார். அதன் பின்பக்கத்தில், காற்றை உள்ளே இழுக்கும் விசிறியின் கம்பிவலை, கிடங்குக் கதவுக்கு நேர் எதிரே மூன்றடி தூரத்தில் இருந்தது. வலையின் கருப்பு தெரியாத அளவுக்கு வெள்ளை. விசிறி ஓடும் நேரமெல்லாம் இயந்திரம் கிடங்கைத்தான் சுவாசித்திருக்கிறது.

வலையைத் துணியில் தட்டினார். பிளேடுக்கு அடியில் இருந்து விழுந்த தூளுக்குப் பக்கத்திலேயே. இரண்டையும் விரலால் தேய்த்தார். பிறகு செயலாளரைக் கூப்பிட்டு, அவர் விரலைப் பிடித்தே இரண்டிலும் வைத்துத் தேய்த்துக் காட்டினார். நறநறப்பு ஒன்றுதான். டிரம்முக்கும் பிளேடுக்கும் நடுவே இது மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றும் ஒரு கீறல். டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரான்; பிளேடு அதை வழிக்கத்தான் செய்யப்பட்டது, உரத்தை வழிக்க அல்ல. போதாக்குறைக்கு யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் உள்ளே இருக்கும் இரும்பும் மின்முனைகளும் என்ன பாடுபட்டிருக்கும் என்பதற்கு, ஸ்குரூ தலைகளில் துரு இருந்தது.

செயலாளர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக அந்த அட்டைப்பெட்டியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "ஒரிஜினல்தான் போட்டிருக்கீங்க" என்றார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. மெக்கானிக் அதைக் கேட்காதவர்போலப் புது பிளேடின் உறையைக் கிழித்தார்.

மாட்டுவதற்கு முக்கால் மணி ஆனது. அதில் சொல்ல அதிகமில்லை, கழற்றியதன் மறுதிசை. புது டிரம், புது பிளேடு, பல்சக்கரம் ஒன்று, புஷ் இரண்டு. நல்ல புஷ்ஷையும் சேர்த்தே மாற்றினார். பழைய பசையை ஸ்பிரிட் துணியால் முழுக்க எடுத்துவிட்டு, கடுகளவு கிரீஸ் வைத்தார். ஒருபக்கத் தாள் கட்டை டிரேயிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்து, "இது கைல எழுதறதுக்கு வெச்சுக்குங்கக்கா" என்றார். மறுபடி மின்விசிறிகளை நிறுத்தினார். இந்தத் தடவை பெரியவரே எழுந்து சுவிட்சை அணைத்தார். கீச்சும் இல்லை, டிக்கும் இல்லை. சோதனைத் தாளில் இரண்டு மங்கல் கோடுகள் மட்டும் இருந்தன. அதை ஒளிக்காமல் பில்லோடு சேர்த்து வைத்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மிஷினை எதிர்ச் சுவர் ஓரம் மாத்திருங்க. கிடங்குக் கதவைப் பாக்காம இருந்தாப் போதும்."

"அங்க பிளக் பாயிண்ட் இல்லையே தம்பி."

"ஒயர் இழுத்து ஒரு பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயிண்ட் போட்டுக்கலாம். என்ன ஆயிரும்?"

செயலாளர் சிரித்தார். நல்ல மனிதர்தான், நாற்காலிதான் அப்படி. "உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன. புதுசா பாயிண்ட் போடணும்னா அது கட்டட வேலைல வரும். எஸ்டிமேட் வாங்கணும். தீர்மானம் எழுதணும். மேல அனுப்பி ஒப்புதல் வரணும். வந்தாலும், ஏன் முன்னாடியே அங்க வெக்கலைன்னு ஆடிட்ல ஒரு கேள்வி வரும். அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும். டிரம்முன்னா அந்தத் தொல்லை இல்லை. பராமரிப்புச் செலவுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிரலாம்."

மெக்கானிக் பையை மூடிக்கொண்டிருந்தார். ஜிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்:

"அப்ப, அடுத்த டிரம்முக்கு இப்பவே ஆர்டர் போட்டு வெச்சிரட்டுமா சார்?"

செயலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு முன்னாடி வர்ற மாதிரி பாத்துக்குங்க" என்றார்.